இராயபுரம் கண்ட எண் 23
உங்களுக்குத் தெரியுமா?

தேகத்தின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பி.எம்.ஐ. என்னும் எண், பெல்ஜிய தேசத்துக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 1832-இல் ஜனசமூகத்தின் சராசரி உருவத்தைக் கணிக்கும்பொருட்டு வகுத்ததேயன்றி, தனிமனிதரின் ஆரோக்கியத்தை நிர்ணயிப்பதற்கென்று ஏற்பட்டதன்று.

உலக சுகாதார ஸ்தாபனம் 25-க்குட்பட்டதைச் சாதாரண எடையெனக் கொள்ள, பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் இராயபுரத்தில் நிறுவிய நீரிழிவு மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்களோ, இந்தியருக்கு 23-ஏ தக்க வரம்பு என்று 2003-இல் வெளியிட்டனர்; ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் நம்மவர் சரீரத்தில் கொழுப்பு மிகுதி, அதிலும் வயிற்றைச் சுற்றி மிகுதி என்பதே இதன் காரணம்.

எனினும், 170 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உடைய இருவருள் ஒருவர் காசிமேட்டில் வலையிழுத்துத் தசை முறுக்கேறியவராகவும், மற்றவர் துறைமுக அலுவலகத்து நாற்காலியில் தொந்தி வளர்த்தவராகவும் இருப்பினும், இருவருக்கும் வரும் எண் 23.5 தான், தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள பேதத்தை அது அறியாது.

ஆகவே அவ்வெண்ணைப் பூர்வாங்க எச்சரிக்கையாக மட்டும் கொண்டு, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்படாமல் காத்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உடன் பரிசோதித்துக்கொள்வதே விவேகம்.