எந்தச் சுவருக்கு எந்த டிரில்? கருவி வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை!

மோட்டார் ரூம் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி மாட்ட நான்கு துளைகள் போட வேண்டும். மாட்டுக்கொட்டகையின் கான்கிரீட் தூணில் தண்ணீர்க் குழாய்க்கு கிளாம்ப் அடிக்க வேண்டும். வேலிக் கல்காலில் கம்பி கோக்கத் துளை வேண்டும். தோட்டத்தில் இப்படிச் சின்னச் சின்ன வேலைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலைவதைவிட, சொந்தமாக ஒரு டிரில் வாங்கிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால், கடையில் ‘ஹேமர் டிரில்’ என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு கருவிகளை எடுத்து வைப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். வேலை செய்யும் விதம் வேறு, விலையும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால், கல்காலில் அரை மணி நேரம் அழுத்தியும் துளை விழாது. பிட் முனைதான் கருகிப்போகும்.

சுத்தியலிலேயே இருக்கிறது சூட்சுமம்!

டிரில்லுக்கு முன், வீட்டில் இருக்கும் சுத்தியல்களைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஆணி அடிக்கவும் பிடுங்கவும் பிளவுபட்ட கொம்புள்ள சுத்தியல். சுமார் அரை கிலோ எடை இருந்தால் பந்தல் வேலை, பலகை வேலைக்குப் போதும். ரிவெட், பின், இரும்புத் தகடு வேலைகளுக்கு ஒரு பக்கம் உருண்டையாக இருக்கும் பால் பீன் சுத்தியல். மர உளியைத் தட்டுவதற்கு மரத்தாலான கொட்டாப்புளி. கல் உடைக்க, முளைக்குச்சி இறக்கச் சம்மட்டி.

சம்மட்டியால் ஒரே ஒரு அடி அடித்தால் கல் பிளக்கும். அதே கல்லைச் சின்னச் சுத்தியலால் நூறு முறை தட்டினாலும் பொடிதான் உதிரும். அடியின் எண்ணிக்கை வேறு, அடியின் பலம் வேறு. டிரில்லிலும் இதே கதைதான்.

சுத்தியலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு சுத்தியலின் மேல் இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது. இரண்டு முகங்களும் கடினமாக்கப்பட்ட இரும்பு என்பதால், சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். பேரிங்கையும் நேரடியாகத் தட்டக் கூடாது. இடையில் மரக்கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது தற்காலிக வைத்தியம்தான். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். புதிதாக ஆப்பு இறக்குவதே சரி.

ஒரே பெயர்... இரண்டு கருவிகள்!

முதலாவது, இம்பாக்ட் டிரில். இதற்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். அந்த அதிர்வுதான் பிட்டைத் தட்டுகிறது. நிமிடத்துக்கு 40,000 அடிகளுக்கு மேல் விழும். ஆனால், ஒவ்வொரு அடியும் மெல்லிய தட்டல். நாம் அழுத்தினால்தான் வேலை நடக்கும். செங்கல் சுவர், பூச்சு, சிமென்ட் கலவைக்கு இது போதும். தட்டும் பொத்தானை அணைத்துவிட்டால் மரம், இரும்பு எல்லாவற்றிலும் துளை போடலாம்.

இரண்டாவது, ரோட்டரி ஹேமர். இதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, ஒரு சின்னச் சம்மட்டியைப்போல அடிக்கும். நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிகள்தான். ஆனால், வீட்டு உபயோகத்துக்கான கருவியிலேயே ஒவ்வொரு அடிக்கும் சுமார் 2 ஜூல் பலம் இருக்கும். ஒரு கிலோ எடையை 20 செ.மீ உயரத்திலிருந்து போட்டால் என்ன அடி விழுமோ, அந்த அடி. அதனால், கான்கிரீட்டும் கருங்கல்லும் இதற்கு வழிவிடும். அழுத்தித் தள்ளத் தேவையில்லை. நேராகப் பிடித்துக்கொண்டாலே போதும். மூன்று நிலை கொண்ட கருவியாக இருந்தால், சுற்றாமல் அடிக்க மட்டும் வைத்து, உளி மாட்டிப் பழைய பூச்சைப் பெயர்க்கலாம்.

யாருக்கு எது?

வருடத்துக்குப் பத்து, இருபது துளைகள், அதுவும் செங்கல் சுவரிலும் மரத்திலும் என்றால் 13 மி.மீ சக் உள்ள இம்பாக்ட் டிரில்லே போதும். கான்கிரீட் தூண், கல்கால் என்று அடிக்கடி வேலை இருந்தால் ரோட்டரி ஹேமர் வாங்கலாம். கடைகளில் 20 மி.மீ, 26 மி.மீ என்று சொல்வது, கான்கிரீட்டில் அது போடக்கூடிய அதிகபட்சத் துளை அளவு. தோட்ட வேலைக்கு 20 மி.மீ தாராளம்.

வேலி போடும்போது மட்டும்தான் கல்காலில் துளை போட வேண்டும் என்றால், கருவியை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே லாபம். அந்தப் பணத்தை நல்ல பிட் வாங்கப் போடலாம்.

பிட்தான் வேலை செய்கிறது!

சுவருக்கு, முனையில் கார்பைடு பதித்த பிட். இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ் பிட். மரத்துக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட். ரோட்டரி ஹேமருக்கு, தண்டில் காடி வெட்டிய எஸ்.டி.எஸ் பிட்தான் பொருந்தும். இம்பாக்ட் டிரில்லுக்கு வாங்கிய பிட்களை அப்படியே இதில் மாட்ட முடியாது.

துளை போடும்போது திடீரென இறங்காமல் நின்றால், உள்ளே கம்பி இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே அழுத்தாமல் இடத்தை மாற்ற வேண்டும். சிமென்ட் வேலிக்காலில் மறுபக்கம் எட்டப்போகும் நேரத்தில் தட்டுவதை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றினால், பின்பக்கம் பெயராது. ஓரத்தை ஒட்டித் துளை போட்டால் கால் விரிசல் விடும். ஹாலோ பிளாக் சுவரிலும் ஓடு பதித்த சுவரிலும் தட்டாமல் சுற்ற மட்டும் வைத்துத் துளை போடுவது நல்லது.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம்!

தோட்டத்தில் பிளக் பாயின்ட் இல்லை என்று, ஸ்டார்ட்டரில் வெறும் வயரைச் செருகி டிரில் ஓட்டுவது பல இடங்களில் நடக்கிறது. மும்முனை இணைப்பில் இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். 230 வோல்ட் டிரில்லை அதில் மாட்டினால் கருகிவிடும். ஒரு பேஸையும் எர்த் கம்பியையும் சேர்த்து ஓட்டினால், எர்த் சரியில்லாத நாளில் உயிரே போய்விடும். ஈரத் தரையில் நிற்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

முறையான பிளக் பாயின்ட், அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, காலில் ரப்பர் செருப்பு. இந்த மூன்றும் இல்லாமல் மோட்டார் ரூமில் டிரில்லைத் தொடக் கூடாது. நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியதாக இருந்தால் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 1.5 சதுர மி.மீ வயரை முழுவதும் சுருள் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடக் கூடாது. உள்ளே வயர் போகும் பைப் இருக்கும்.

கடையில் கவனிக்க...

* பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். பிட் சிக்கினால் டிரில் சுழன்று மணிக்கட்டை முறுக்கும்.

* வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், எதிர்ப்பக்கம் சுற்றும் வசதியும் தேவை.

* ரோட்டரி ஹேமரில் பிட் சிக்கினால் சுற்றுவதை நிறுத்திவிடும் கிளட்ச் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

* அருகிலுள்ள ஊரில் சர்வீஸ், கார்பன் பிரஷ் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

* டிரில்லோடு கண்ணாடியும் முகக்கவசமும் சேர்த்து வாங்க வேண்டும். கல், கான்கிரீட் தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது.