உஷார்! ‘கரன்ட், தண்ணி எல்லாம் சேர்த்துத்தான்மா!’

மெட்ரோவுக்கு நாலு எட்டு. கரன்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். சென்னையில் இப்படி ஒரு வீடு சிக்கினால், கை தானாக அட்வான்ஸை நீட்டும். நீட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவள். வடபழனி பக்கம் மாடியில் ஒற்றை பெட்ரூம், எல்லாம் சேர்த்து 17,000. பிப்ரவரியில் பால் காய்ச்சினாள். மே மாதம் ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டினார். “ஏம்மா, ராத்திரி பூரா ஏசி ஓடுதே, அது இதுல சேராதே?” கையில் ஒரு துண்டுச் சீட்டு. 3,900 ரூபாய்! அக்ரிமென்ட்டைப் புரட்டினாள். கரன்ட் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த மாதம் தண்ணீர் லாரிக்கும் பங்கு கேட்டார். வாதாடினாள். மறுநாள் காலை குழாயில் காற்றுதான் வந்தது. முகத்தை மட்டும் கேன் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனது அந்தப் பிள்ளை.

குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவது தப்பு. 2019 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் ‘எல்லாம் சேர்த்து’ என்று வாயால் சொன்னதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

வாய்ப்பேச்சு கோர்ட்டு ஏறாது.

இன்னொரு ஆபத்து மீட்டர் பெட்டியில் இருக்கிறது. நாலு குடித்தனம், ஒரே மீட்டர் என்றால் ஓடிவிடுங்கள். 2024 ஜூலை கட்டணப்படி, தனி மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால் 235 ரூபாய்தான். அதே நாலு வீடும் ஒரே மீட்டரில் 800 யூனிட் இழுத்தால் பில் 4,800 ரூபாயைத் தாண்டும். தலைக்கு 1,200! 100 யூனிட் இலவசமும் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒருமுறைதான். அந்த நஷ்டத்தை ஓனர் தன் பையிலிருந்தா கட்டுவார்? வாடகைக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும்.

வேறு எதற்கெல்லாம் உஷாராக வேண்டும்? “இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, டோக்கன் மட்டும் இப்பவே ஜிபே பண்ணிடுங்க” என்று வீட்டைக் காட்டாமலே அவசரப்படுத்தும் குரல். பழைய பில்லைக் கேட்டால் முகம் மாறும் ஓனர். சப்-மீட்டர் இருந்தும் யூனிட் விலையைச் சொல்லாமல் மழுப்புவது. “மெட்ரோ வந்துடும்” என்று தூணைக் காட்டிக் கூட்டிக் கேட்கும் வாடகை. தூண் நிற்கிறது, சரி. ரயில் ஓடுகிறதா?

‘அஞ்சு நிமிஷம்’ என்பதையும் நம்பாதீர்கள். புரோக்கரின் அஞ்சு நிமிஷம் பைக்கில். நீங்கள் இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி, 100 அடி சாலையைக் கடந்து, அந்தச் சந்துக்குள் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, எத்தனை நாய் துரத்துகிறது, எல்லாம் தெரியும்.

வீடு பிடித்துவிட்டதா? பணம் கொடுப்பதற்கு முன், வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கீழே போய் மீட்டரைப் பாருங்கள். சின்னச் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டு மினுக்கினால், அடுத்தவர் கரன்ட்டோ பொது மோட்டாரோ உங்கள் மீட்டரில் ஓடக்கூடும். அதற்கு விளக்கம் கிடைக்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள், கண்ணுகளா.