பூனை தன் உரோமத்தை மிகையாய் நக்குதலும் அதற்குப் பரிகாரமும்

சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஊர்களில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில், பூனை குடியானவர் வீட்டுக் குதிருக்குக் காவலாயிருந்தது. வைக்கோற்போரும் தோட்டமும் வரப்பும் அது திரியும் இடங்கள். ஒரு பூனைக்கு மற்றொன்றைப் பிடிக்காவிடில் விலகிப் போக இடமிருந்தது. வயல்கள் மனைகளாகி, இவ்வூர்கள் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிவிட்ட இந்நாளில், இரண்டு மூன்று பூனைகள் அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள்ளேயே வாழ வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பூனை ஓயாமல் தன்னை நக்கி, வயிறும் உட்தொடையும் விலாவும் வழுக்கையாகுமாயின், அதை மனக்கவலை என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவோர் ஒரு சாரார். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைப் பூசுவோர் மற்றொரு சாரார். முன்னவர் நோயை வளர்க்கின்றனர்; பின்னவர் பூனையையே இழக்கக் கூடும்.

முதலில் உடலைச் சோதித்தல்

மனக்கவலையால் உரோமம் இழந்தவை என்று கருதப்பட்ட 21 பூனைகளை நன்கு பரிசோதித்து, அதன் முடிவை 2006-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அவற்றுள் 16 பூனைகளுக்கு உடல் நோயே காரணம். 3 பூனைகளுக்கு நோயும் மனக்கலக்கமும் கலந்திருந்தன. மனக்கலக்கம் மாத்திரம் காரணமாயிருந்தவை 2 பூனைகளே. ஆகாரம் ஒவ்வாமையும் தோல் ஒவ்வாமையும் அந்நோய்களில் முக்கியமானவை.

நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது தெள்ளுப்பூச்சியை. பூனை நக்கும்போது தெள்ளுகளை விழுங்கிவிடுமாதலால், அவை கண்ணுக்குத் தெரியாமையால் இல்லை என்று துணியலாகாது. பேன் சீப்பினால் முதுகையும் வாலடியையும் வாரி, விழும் கரும் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வைக்க. பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சமாகும். அச்செந்நிறம் பூனையின் இரத்தமே. ஆசனவாயருகே உலர்ந்த அரிசி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பின், தெள்ளினால் பரவும் நாடாப்புழு உண்டென்று அறியலாம்.

அடிவயிற்றை மாத்திரம் நக்குவது மூத்திரப்பை நோவினாலும் ஆகலாம். கடுவன் பூனை மூத்திரம் போக முக்கியும் வெளிவராவிடில், ஒரு நாளும் தாமதிக்கலாகாது; அடைப்பினால் விரைவில் உயிர் போய்விடும்.

தொடலாகாத மருந்துகள்

மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக்கப் பயன்படும் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் கலந்த மருந்துகளைப் பூனைமேல் பூசலாகாது. பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் கண்டு பூனை மாண்டுபோகும். பூசிய யாவற்றையும் பூனை நக்கி உட்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது. தரையைக் கழுவும் பினாயில் வகைகளும் அதற்கு விஷமே. மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. பூனைக்கென்றே உள்ள தெள்ளு மருந்தை, எடை பார்த்து, வைத்தியர் சொன்னபடி வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் ஒருங்கே இடல் வேண்டும். கூட்டுப்புழுக்கள் வீட்டு இடுக்குகளில் நெடுநாள் உயிருடன் இருக்குமாதலால், சிகிச்சையைச் சில மாதங்கள் விடாது நடத்துவதும், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைப்பதும் அவசியம்.

பூனைகளுக்குள் பகை

உடலில் நோயில்லை என்று தேர்ந்த பின்னரே மனக்கலக்கத்தை ஆராய்தல் முறை. பூனை தனித்து வேட்டையாடும் பிராணி. அதன் பகை பெரும்பாலும் ஓசையின்றியே நடைபெறும். ஒன்று வாயிற்படியில் படுத்து வழி மறிக்கும், முறைத்து நோக்கும், மற்றது உணவருகே வர அஞ்சி, மறைவில் ஒதுங்கி, தன்னையே நக்கிக்கொண்டிருக்கும். சண்டையில்லை என்பதால் சமாதானம் உண்டென்று எண்ணலாகாது.

இதற்குப் பரிகாரம் அடிப்பதன்று, பங்கிட்டுக் கொடுப்பதே. ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் உணவையும் நீரையும் தனித்தனியே வைக்க வேண்டும். மலசலத்திற்கு வைக்கும் மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாக, வெவ்வேறிடங்களில் இருத்தல் நலம். ஏறி அமர உயரமான பலகைகளும், இரு வழியாகவும் வெளியேறத்தக்க மறைவிடங்களும் வேண்டும். தீபாவளி வெடியொலியின்போதும் மழைக்கால அடைப்பின்போதும் இவை மிகவும் உதவும். கருத்தடை அறுவை செய்வித்தால் கடுவன்களின் சண்டை குறையும்.

புதுப் பூனையைக் கொண்டுவந்தவுடன் பழையதன் முன் விடுதல் தவறு. அதைத் தனியறையில் வைத்து, இரண்டின் படுக்கைத் துணிகளையும் மாற்றியிட்டு வாசனை பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவு கொடுத்து, சில வாரங்களில் மெல்லச் சேர்த்தல் வேண்டும். மருத்துவமனைக்குப் போய் வந்த பூனையிடம் அந்நிய வாசனை இருக்குமாதலால், ஒரு நாள் பிரித்து வைப்பது நன்று.

பூனையின் வயிற்றில் வழுக்கை கண்டால் முதலில் சீப்பும் ஈரத்துணியும், பின்னர் கால்நடை வைத்தியர், அதற்குப் பின்னரே மனக்கவலை என்னும் ஆராய்ச்சி. இவ்வரிசை பிறழாது நடப்போர் பூனையின் உயிரையும் தம் பொருளையும் காத்துக்கொள்வர்.