அந்த மின்னஞ்சலை யார் அனுப்பியிருக்க வேண்டும்?

2017 அக்டோபர் 3. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ரிச்சர்ட் ஸ்மித் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரம் முன்புவரை ஈக்விஃபாக்ஸின் தலைமைச் செயல் அதிகாரி. சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் திருடுபோனது எப்படி என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன காரணம் இரண்டு: தகவலை உரிய இடத்துக்குச் சொல்லவேண்டிய ஒருவர் சொல்லவில்லை, ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

முதல் காரணம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படித்தேன்.

ஈக்விஃபாக்ஸ் கடன் தகவல் நிறுவனம். யாரும் விரும்பிப் போய் அதன் வாடிக்கையாளர் ஆவதில்லை. வங்கிகளே நம் விவரத்தைக் கொடுத்துவிடும். பிடிக்கலைன்னா வெளியே வரவும் முடியாது.

2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. 9ஆம் தேதி, 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடச் சொல்லி 400க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. நானூறு பேருக்குப் போன கடிதம் யாருக்குமே போகாத கடிதம் மாதிரிதான். 1970களில் உருவான ஒரு பழைய குறைதீர்ப்பு அமைப்பில் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாளர் யார் என்று எங்கும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. மே 13 அன்று உள்ளே வந்தவர்கள் 76 நாள் இருந்தார்கள்.

அத்தனை நாள் ஏன் தெரியவில்லை? அந்த அமைப்பின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்தது. ஜூலை 29 அன்று புதுப்பித்தார்கள். உடனே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. (நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் சான்றிதழ் நினைவூட்டல்கள், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. அதனால் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

சரி, இதில் மேலிடத்தின் பங்கு என்ன? பாதுகாப்புத் தலைவர் தகவல் தொழில்நுட்பத் தலைவரின் கீழ் இல்லை. தலைமைச் சட்ட அதிகாரியின் கீழ் இருந்தார். 2005 வாக்கில் அந்தப் பதவிகளில் இருந்த இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பிரித்து வைத்தார்கள். இருவரும் போய்விட்டார்கள், பிரிவினை மட்டும் அப்படியே நின்றது. பேட்ச் போடச் சொல்வது ஒரு துறை, போடுவது வேறு துறை. போட்டாச்சா என்று கேட்க நடுவில் ஆள் இல்லை. இரண்டு துறைக்கும் மேலே இருந்து சேர்த்துக் கேட்கக்கூடியவர் ஸ்மித்தான்.

எச்சரிக்கையே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் நிறுவனத்தின் சொந்தத் தணிக்கையே, சரிசெய்யாமல் கிடந்த 8,500க்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் காட்டியது. பேட்ச் விஷயம் பெரும்பாலும் அவரவர் நேர்மையை நம்பியே நடக்கிறது என்றும் சொன்னது. குறைகள் தீர்ந்தனவா என்று பார்க்க மறுதணிக்கை நடக்கவில்லை. ஓட்டைகளைவிட இதுதான் எனக்கு அதிர்ச்சி. தணிக்கை அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதானே?

ஸ்மித் சாட்சி சொல்வதற்கு முந்தைய நாள் ஒரு மூத்த அதிகாரியை வேலையை விட்டு நீக்கினார்கள். மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்பவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் அந்த நானூறு பேரில் ஒருவர். அதை யாருக்கும் அனுப்பச் சொல்லித் தனக்கு உத்தரவே இல்லை என்று பிறகு குழுவிடம் சொன்னார்.

2019 ஜூலையில் 70 கோடி டாலர் வரை கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2018இல் வந்த புதிய பாதுகாப்புத் தலைவரை நேரடியாகத் தலைமைச் செயல் அதிகாரியின் கீழ் வைத்துவிட்டார்கள்.