பன்றிக்கு வைத்த கம்பி
வயல் வேலியில் 230 வோல்ட். எல்லைப்புற விவசாயிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இரண்டு விதிகள்

2022 மே மாதம். பாலக்காடு அருகே முட்டிக்குளங்கரையில், ஆயுதப்படை முகாமை ஒட்டிய வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் பிணமாகக் கிடந்தார்கள். காட்டுப்பன்றிக்காக மின்சாரம் பாய்ச்சி வைத்த கம்பிதான் காரணம். 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தின் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள் இதேபோல் இறந்தார்கள். அவர்களுடைய உடல்கள் வயலிலேயே புதைக்கப்பட்டிருந்தன.

விவசாயிகளின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பாலக்காட்டில் நெல், இடுக்கி எல்லையில் மறையூரில் கரும்பு, காந்தலூரிலும் வட்டவடையிலும் காய்கறி. பன்றிக்கூட்டம் ஒரே இரவில் ஒரு பருவத்து உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. ஆனால் உத்தரவு வாங்கி, துப்பாக்கி உரிமம் உள்ளவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டு மின்சாரமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அந்தக் கம்பி ஏன் கொல்கிறது? விடை பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற ஓமின் விதி 1827-இல் வெளியானது. 1845-இல், 21 வயது மாணவராக இருந்த ஜெர்மானியர் குஸ்தாவ் கிர்ச்சாஃப் மேலும் இரண்டு விதிகளைத் தந்தார். ஒன்று: ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டம் முழுவதும் அதிலிருந்து வெளியேறியாக வேண்டும். இரண்டு: ஒரு சுற்றில் தரப்படும் மின்னழுத்தம் முழுவதும் அந்தச் சுற்றுக்குள்ளேயே செலவாகியாக வேண்டும்.

மரக்குச்சிகளில் கட்டிய கம்பியில், யாரும் தொடாதவரை, மின்னோட்டம் இல்லை, சுற்று முழுமையாகவில்லை. மின்கம்பியில் உட்காரும் காக்கை பிழைப்பதும் இதனால்தான். ஆனால் ஈர வயலில் வெறுங்காலோடு நிற்பவர் கம்பியைத் தொட்டதும் பாதை திறக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பி, உடல், மண் வழியாக மீண்டும் டிரான்ஸ்ஃபார்மருக்கே மின்சாரம் திரும்புகிறது. கம்பியில் செலவாகும் மின்னழுத்தம் அற்பம். ஈர மண்ணும் அதிகம் எடுத்துக்கொள்ளாது. 230 வோல்ட்டில் பெரும்பகுதியை உடல்தான் தாங்க வேண்டும். நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்றால், பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியரே போதும்.

வீட்டில் ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. 20 மடங்குக்கு மேல் பாய்ந்தால்தான் அது உருகும். ஃப்யூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. அதன் அடிப்படையே கிர்ச்சாஃபின் முதல் விதிதான். ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் திரும்ப வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் அது வேறு வழியில் போகிறது என்று கருவி உணர்ந்து, கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் இழுப்பவர் வேலிக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

முறையான சூரிய மின்வேலியில் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். ஆனாலும் அது கொல்வதில்லை. விநாடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்காது. ஆற்றலுக்கு 5 ஜூல் உச்சவரம்பு. மிருகம் அதிர்ந்து விலகும். வீட்டு மின்சாரமோ இடைவிடாமல் பாய்கிறது. தசைகள் இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாமல் போகும்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் கதை இதுதான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின.

வயலில் யாராவது கம்பியில் சிக்கிக் கிடந்தால் ஓடிப்போய்த் தொடக்கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தொடுகிறவரும் அந்தச் சுற்றில் இன்னொரு கிளையாகிவிடுவார். இருட்டில் வேலி போட்டவரே வழுக்கி விழுந்தாலும் கணக்கு அதேதான்: 230 வோல்ட், 1,000 ஓம்.