விசைப்படகுத் தண்டின் நீரடைப்பு

எஞ்சினை உள்ளே கொண்ட விசைப்படகு ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்திற்குக் கீழே ஒரு துளை உண்டு. வெளியிலுள்ள புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு அதன் வழியேதான் செல்கிறது. கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரையில் 1953-ஆம் ஆண்டில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கி எஞ்சின் படகுகள் பரவியபோது, துடுப்பையும் பாயையும் மட்டுமே அறிந்திருந்த மீனவர்கள் இத்துளையைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கலாயினர்.

துளையின் உட்புறத்தில் தண்டைச் சூழ்ந்து ஓர் உலோகப் பெட்டி அமைந்துள்ளது. மெழுகு அல்லது விலங்குக் கொழுப்பு ஊட்டிப் பின்னிய சதுரக் கயிறு அதனுள் வளையம் வளையமாக அடைக்கப்படுகிறது. ‘கிளாண்டு’ எனப்படும் மூடியின் மரைகளை முடுக்கினால் கயிறு நசுங்கித் தண்டைப் பற்றிக்கொள்ளும்.

பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். சொட்டு நீரும் வரலாகாது என்று மரைகளை இறுக முடுக்கிவிடுகின்றனர். உண்மையில், கசியும் நீரே தண்டிற்கு மசகாகவும் குளிர்ச்சியாகவும் பயன்படுகிறது. அது நின்றால் பெட்டி சூடேறும். கயிறு கருகி இறுகும். நாளடைவில் தண்டிலேயே பள்ளம் விழும். பள்ளம் விழுந்த தண்டிற்கு எவ்வளவு நல்ல கயிற்றைச் சுற்றினாலும் பயனில்லை. படகைக் கரையேற்றித் தண்டையே மாற்ற நேரிடும்; அத்தனை நாளும் தொழில் இல்லை.

எஞ்சின் ஓடுகையில் நிமிடத்திற்குச் சில சொட்டுகள் விழுவதே முறை. பத்துச் சொட்டு விழுவதாகவும், இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனவும் கொண்டால், பன்னிரண்டு மணி நேரத்தில் சேர்வது 360 மில்லிலிட்டர்தான்! இதற்கு அஞ்சுவானேன்? எஞ்சின் நின்றபின் சொட்டுதல் நின்றுவிட வேண்டும், அல்லது மிகக் குறைய வேண்டும். ஓடி நின்றவுடன் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் மரைகளைச் சிறிது தளர்த்துக. கசிவு மிகுந்தால் இரு மரைகளையும் சமமாக, கால் சுற்றுக்கு மேற்படாமல் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

முடுக்க இடமில்லாதபோது கயிற்றை மாற்றியே ஆகவேண்டும். பழைய வளையங்களின்மேல் புதிது ஒன்றைத் திணிப்பது சோம்பேறியின் வழி. அடியிலுள்ள இறுகிய கயிறு தண்டைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். படகைக் கரையேற்றி, பழையன அனைத்தையும் தண்டில் கீறல் விழாமல் எடுத்துவிட்டு, தண்டின் சுற்றளவிற்கு ஏற்பத் தனித்தனி வளையங்களாகப் புதிய கயிற்றை வெட்டி வைத்தல் வேண்டும். ஒன்றின் மூட்டு மற்றொன்றின் மூட்டிற்கு நேராக அமையலாகாது. அமைந்தால் நீருக்கு நேர்வழி கிடைத்துவிடும்.

நீரே சொட்டாத புதுவகை அடைப்புகளும் இன்று வந்துள்ளன. அவற்றிற்கு மேற்கூறிய சொட்டுக் கணக்கு பொருந்தாது. அவற்றில் ஒரு சொட்டு வந்தாலும் காரணத்தை ஆராய வேண்டும்.