கடித்தால்தான் நஞ்சு

முழுக் கடுகை வாயில் போட்டவுடன் காரம் தெரிவதில்லை. பல்லில் நசுங்கிய பிறகுதான் சுள்ளென்று ஏறுகிறது. காரணம், நசுங்கும்வரை கடுகுக்குள் அந்தக் காரமே கிடையாது.

அதற்குள் இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று, கந்தகம் அடங்கிய குளுக்கோசினோலேட். மற்றொன்று, அதைப் பிளக்கும் மைரோசினேஸ் என்ற நொதி. இரண்டும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. திசு உடைந்து ஈரத்தில் கலந்ததும் கடுகெண்ணெயின் காரம் பிறக்கிறது. தாளிக்கும்போது எண்ணெயின் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகில், ஊறுகாய்க்கு அரைத்த கடுகின் காரம் இருப்பதில்லை.

எதற்காக இப்படிப் பிரித்து வைக்க வேண்டும்? பூச்சியைக் கொல்லும் நஞ்சு செடியின் செல்களையும் கொல்லும். ஆகவே பல செடிகள் நஞ்சைத் தயாராக வைத்திருப்பதில்லை. மூலப்பொருளையும் நொதியையும் பிரித்து வைக்கின்றன. மேய வரும் விலங்கின் பல்தான் இரண்டையும் சேர்த்துவைக்கிறது.

இந்தக் காவலை உடைத்தவர்களும் உண்டு. முட்டைகோஸ், காலிஃப்ளவர் விவசாயிகளை வாட்டும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, குளுக்கோசினோலேட்டை நஞ்சாக மாறவிடாமல் தடுக்கும் நொதியைத் தன் குடலிலேயே வைத்திருக்கிறது. தாய் அந்துப்பூச்சிக்கோ, மற்றப் பூச்சிகளை விரட்டும் அதே வாசனைதான் முட்டையிட வழிகாட்டுகிறது.

சோளப்பயிரிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அங்கே விளைவது காரம் அல்ல, சயனைடு. சோள இலையில் டூரின் என்ற பொருள் இருக்கிறது. மாடு மென்றதும் அது நொதியோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களும் அந்த வேலையைத் துரிதப்படுத்துகின்றன. சயனைடு, இரத்தத்தில் வரும் ஆக்ஸிஜனைச் செல்கள் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். மாடு மூச்சுத் திணறி, தள்ளாடி, சில நேரம் நிமிடங்களிலேயே இறந்துபோகும்.

டூரின் இளம்பயிரில்தான் மிக அதிகம். நாலு இலை விட்ட பயிரை ஒருமுறை மேய்ந்தாலே அதன் கதை முடிந்துவிடும். அந்தப் பருவத்தில்தான் அதற்குக் காவல் அதிகம் தேவை. பயிர் முற்ற முற்ற நஞ்சின் அளவு குறைகிறது. மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் அது மீண்டும் கூடுகிறது.

மரவள்ளிக் கிழங்கும் இந்த வகைதான். அதிலுள்ள லினமாரின் என்ற பொருளும் சயனைடைத் தரக்கூடியது. தோலில் அதன் அளவு அதிகம். தோலுரித்து, துண்டுபோட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தின்னாமல் ஒதுக்கிவிடுவது நல்லது.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூக்காத இளஞ்சோளத்திலும், வாடிய பயிரிலும், மறுதாம்பிலும் மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். அறுத்த தட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சோளக் கொல்லையில் மேய்ந்த மாட்டுக்கு மூச்சு வாங்கினால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது; நேரத்தோடு கொடுத்தால் மாடு பிழைக்கும்.